தெருவும் துப்பாக்கியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



‘பயங்கரவாதத்தின் காரணங்களும் நாடுகளின் எதிர்வினைகளும்’ என்று அழைப்பிதழில் தலைப்பு அச்சாகியிருக்கிறது. தலைப்பைத் தந்தவன் நான்தான். உரையை எழுத உட்கார்ந்த பிறகு, அதில் இரண்டு இடத்தில் வரும் ‘உம்’ என்னை உறுத்தத் தொடங்கியது. இலக்கணத்தில் அதை எண்ணும்மை என்போம். அண்ணனும் தம்பியும் என்றால் ஆள் இருவர். காரணங்களும் எதிர்வினைகளும் என்றால் பொருள் இரண்டு. முன்னது முடிந்த இடத்தில் பின்னது தொடங்குகிறது. வன்முறையாளர் பக்கம் காரணம், அரசின் பக்கம் எதிர்வினை. நமக்கும் கணக்கு எளிதாகிவிடுகிறது.

இன்று நான் சொல்ல வந்தது, இந்த எண்ணும்மை தவறு என்பதைத்தான். ஒரு நாடு கொடுக்கும் முதல் பதிலே பெரும்பாலும் அடுத்த இருபது ஆண்டு வன்முறைக்குக் காரணமாகிவிடுகிறது. பயங்கரவாதத்துக்குப் பிறக்கும் காரணம் ஒன்று, பிழைக்கும் காரணம் வேறொன்று. பிறப்பு வரலாற்றின் கையில் இருக்கலாம். பிழைப்பு பெருமளவுக்கு அரசின் கையில் இருக்கிறது.

இதை உலகம் முழுவதையும் சுற்றிக் காட்டப் போவதில்லை. முப்பது ஆண்டுக் காலம் பதிவேடுகள், விசாரணை ஆணையங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் எனத் தடயம் விட்டுச் சென்ற ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: வட அயர்லாந்து. மக்கள்தொகை அன்று ஏறத்தாழ 15 லட்சம். நம் ஊரில் ஒரு நடுத்தர மாவட்டத்தின் அளவு. அங்கே 1969 முதல் 1998 வரை இறந்தவர்கள் 3,500 பேருக்கு மேல். தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பெருக்கிப் பார்த்தால் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்.

சொல்லின் வரையறை பற்றி ஒரு வார்த்தை. பயங்கரவாதம் குறித்த பொது உடன்படிக்கைக்கான வரைவை 1996-இல் ஐ.நா. முன் வைத்ததே இந்தியாதான். வரையறையில் ஒத்த கருத்து எட்டாததால் அது இன்னும் நிறைவேறவில்லை. நான் இங்கே ஒரு எளிய பொருளில் பயன்படுத்துகிறேன்: அரசியல் நோக்கத்துக்காக, பொதுமக்களைக் கொன்றோ கொல்வதாக அச்சுறுத்தியோ, பார்த்துக்கொண்டிருக்கும் வேறொருவருக்குச் செய்தி அனுப்பும் வன்முறை. அந்த ‘வேறொருவர்’ யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1. குறை மட்டும் குண்டு ஆகாது

வறுமைதான் பயங்கரவாதத்தின் வேர் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆலன் குரூகர் போன்ற பொருளியலாளர்கள் தரவுகளை அடுக்கிப் பார்த்தபோது அந்த நேர்க்கோடு கிடைக்கவில்லை. வறுமைதான் காரணமென்றால் உலகின் ஏழை மாவட்டங்கள் எல்லாம் எரிந்திருக்க வேண்டும். அநீதி இருக்கிறது என்ற உணர்வு வறுமையைவிட வலிமையான விளக்கம். ஆனால் அதுவும் முழு விளக்கம் இல்லை.

வட அயர்லாந்தின் குறை உண்மையானது. 1921-இல் அயர்லாந்துத் தீவு பிரிக்கப்பட்டபோது வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. அங்கே மூன்றில் இரண்டு பங்கினர் பிராட்டஸ்டன்டுகள். பெரும்பாலும் ஒன்றியவாதிகள், அதாவது பிரிட்டனோடு ஒன்றியிருக்க விரும்பியவர்கள். மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். பெரும்பாலும் ஐரிஷ் தேசியவாதிகள். அந்த ஆறு மாவட்டங்களுக்கான ஸ்டோர்மான்ட் சட்டமன்றத்தை 1972 வரை ஒரே கட்சி ஆண்டது.

உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்குரியவருக்கும் அவர் துணைக்கும்தான் வாக்கு. ஒரே வீட்டில் ஒண்டியிருக்கும் மணமான மகனுக்கு வாக்கு இல்லை. ஆகவே நகராட்சி ஒருவருக்கு வீடு ஒதுக்கினால் வாக்கும் ஒதுக்கியதாக ஆகிவிடும். டெரி நகரில் 1967-இல் கத்தோலிக்க வாக்காளர்கள் 14,000-க்கு மேல். மற்றவர்கள் 9,000-க்குக் குறைவு. ஆனாலும் மன்றத்தின் 20 இடங்களில் 12 ஒன்றியவாதிகளுக்கு. கத்தோலிக்கர்களை ஒரே வார்டில் அடைத்து வரைந்த எல்லைக்கோடு செய்த வேலை அது. 1968 ஜூனில் காலிடன் என்ற சிற்றூரில், பிள்ளைகுட்டிகளோடு இருந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று வெளியேற்றப்பட்டது. பக்கத்து வீடு, ஒன்றியக் கட்சிப் பிரமுகரிடம் செயலராக இருந்த, மணமாகாத 19 வயதுப் பெண்ணுக்குப் போனது. குடிமை உரிமை இயக்கம் தெருவுக்கு வந்தது இப்படிப்பட்ட வீட்டுப் பிரச்சினைகளிலிருந்துதான்.

இவ்வளவு குறை இருந்தும், ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுத இயக்கம் அன்று கிட்டத்தட்டச் செத்துக் கிடந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1956 முதல் எல்லைப்புறத்தில் நடத்திய தாக்குதலை 1962 பிப்ரவரியில் அதுவே கைவிட்டது. மக்கள் ஆதரவு இல்லை என்பதை அந்த இயக்கத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அப்போதும் வாக்கு இல்லை, வீடு இல்லை, வேலை இல்லை. குறை முழுதாக இருந்தது. துப்பாக்கியும் இருந்தது. தெரு அதன் பக்கம் வரவில்லை.

பத்தே ஆண்டில், 1972-இல், அதே தெருக்களில் இளைஞர்கள் அந்த இயக்கத்தில் சேரத் தேடிப் போனார்கள். நடுவில் என்ன நடந்தது?

2. தேநீருக்கும் ரொட்டிக்கும் நடுவே

1968 அக்டோபர் 5. டெரியில் தடையை மீறி ஒரு சிறிய ஊர்வலம். கறுப்பின அமெரிக்கரின் உரிமைப் போராட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அறப்போராட்டம் அது. காவல்துறை முன்னும் பின்னும் மறித்துத் தடியடி நடத்தியது. அடிவாங்கியவர்களில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும் இருந்தார். ஐரிஷ் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர் ஒருவர் அங்கே இருந்ததால் அந்தத் தடியடி வீட்டுக் கூடங்களுக்குள் வந்தது.

1969 ஆகஸ்டில் டெரியின் பாக்சைடு பகுதியில் மூன்று நாள் மோதல். பெல்ஃபாஸ்டில் தெருத்தெருவாகக் கத்தோலிக்க வீடுகள் எரிந்தன. ஆகஸ்டு 14 அன்று பிரிட்டிஷ் படை இறங்கியது. நம் நினைவில் இருக்க வேண்டிய காட்சி இது: கத்தோலிக்கப் பெண்கள் அந்தச் சிப்பாய்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். காக்க வந்தவர்கள் என்று நம்பினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஐ.ஆர்.ஏ. பிளந்து, பிற்காலத்தில் நாம் அறியும் ‘தற்காலிக’ ஐ.ஆர்.ஏ. பிறந்தது. பிறந்தபோது அது சிறு கூட்டம்.

1970 ஜூலை 3. பெல்ஃபாஸ்டின் ஃபால்ஸ் சாலைப் பகுதியில் ஆயுதம் தேடிப் படை நுழைந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தப் பகுதி முழுவதையும் அடைத்து ஊரடங்கு போட்டது. வீடு வீடாகச் சோதனை. ஆயுதங்கள் கிடைத்தன, உண்மைதான். நான்கு பொதுமக்கள் இறந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை நாள் கழித்து, வேறு பகுதிகளிலிருந்து பெண்கள் குழந்தைகளைத் தள்ளும் வண்டிகளில் ரொட்டியும் பாலும் நிரப்பிக்கொண்டு ஊர்வலமாக வந்து, சிப்பாய்களைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். ஊரடங்கு அதோடு உடைந்தது.

தேநீர் கொடுத்த சமூகத்துக்கும் ரொட்டி வண்டியோடு வந்த சமூகத்துக்கும் இடையே ஓராண்டுகூட இல்லை. தேடிப் பிடித்த துப்பாக்கிகள் ஏறத்தாழ நூறு. இழந்தது ஒரு பகுதியின் நம்பிக்கை. எந்தப் படைக் கணக்கேட்டிலும் இரண்டாவது வரிக்குப் பத்தி இல்லை.

3. பட்டியலில் இல்லாதவர்களின் கைது

பயங்கரவாதி வேண்டுவது பழி, புகழ், எதிர்வினை என்ற மூன்று என்கிறார் லூயிஸ் ரிச்சர்ட்சன். அயர்லாந்தில் வளர்ந்து இத்துறையில் அறிஞரானவர். மூன்றிலும் மூன்றாவதுதான் அவனால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாதது. அதை அரசு கொடுத்தாக வேண்டும். நான் முன்பு சொன்ன ‘வேறொருவர்’ இந்த அரசுதான். வெடிப்பது ஓரிடத்தில், செய்தி போவது வேறோரிடத்துக்கு.

1971 ஆகஸ்டு 9 விடியற்காலை அந்தச் செய்திக்குப் பதில் வந்தது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் திட்டம். படைத் தளபதிக்கே தயக்கம் இருந்தது. ஸ்டோர்மான்ட் அரசின் பிரதமர் பிரையன் ஃபாக்னர் வற்புறுத்த, லண்டன் ஒப்புக்கொண்டது. அவர் கையில் ஒரு முன்னுதாரணம் இருந்தது: 1956-க்குப் பிந்தைய எல்லைத் தாக்குதலின்போது இதே சிறைவைப்பு பலித்தது. ஆனால் அப்போது தெற்கு அயர்லாந்தின் டப்ளின் அரசும் தன் பக்கத்தில் சிறைவைத்தது. மக்களும் அந்த இயக்கத்தின் பக்கம் இல்லை. இரண்டும் 1971-இல் மாறிப்போயிருந்தன. நோய் மாறிய பிறகு பழைய மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போன கதை.

முதல் நாள் பிடிபட்டவர்கள் 342 பேர். ஒருவர்கூட அரச விசுவாச ஆயுதக் குழுக்களை, அதாவது ஒன்றியவாதிகள் பக்கத்து ஆயுதக் குழுக்களைச் சேர்ந்தவர் இல்லை. அந்தக் குழுக்களும் கொலை செய்துகொண்டுதான் இருந்தன. உளவுத்துறைப் பட்டியல் பழையது. எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட பழைய போராளிகள், ஊர்வலம் போனவர்கள், ஒரே பெயர் கொண்டவர்கள் சிக்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்டோரை இரண்டே நாளில் விடுவிக்க வேண்டியதாயிற்று. இளைய தலைவர்கள் முன்பே நழுவிவிட்டார்கள். 1975 டிசம்பரில் திட்டம் முடியும்வரை அடைக்கப்பட்ட 1,981 பேரில் அரச விசுவாசிகள் 107 பேர்தான்.

பதினான்கு பேருக்கு நடந்தது தனிக் கதை. முகத்தை மூடிச் சாக்குத் துணி, சுவரில் சாய்ந்து மணிக்கணக்கில் நிற்பது, இடைவிடாத இரைச்சல், தூக்க மறுப்பு, உணவும் நீரும் மறுப்பு. ‘ஐந்து முறைகள்’ என்று அவற்றுக்குத் தனிப் பெயரே இருந்தது. அயர்லாந்து அரசு பிரிட்டன்மீது தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-இல் அதை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று தீர்ப்பளித்தது. சித்திரவதை என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பின் பிற்பகுதியைப் பிற்காலத்தில் பல நாட்டு விசாரணை அதிகாரிகள் ஆவலோடு படித்தார்கள்.

பலன் என்ன? 1971-இல் சிறைவைப்புக்கு முந்தைய ஏழு மாதங்களில் இறந்தவர்கள் முப்பதைச் சற்றே தாண்டினார்கள். பிந்தைய ஐந்து மாதங்களில் ஏறத்தாழ 140 பேர். அடுத்த ஆண்டு 1972-இல் மட்டும் 470-க்கும் மேல். முப்பது ஆண்டுகளில் அதைவிடக் கொடிய ஆண்டு வரவில்லை.

4. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தீர்ப்பும்

1972 ஜனவரி 30 அன்று டெரியில் நடந்தது, இந்தச் சிறைவைப்பை எதிர்த்த ஊர்வலம்தான். வான்குடைப் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். காயமடைந்த இன்னொருவர் பிறகு இறந்தார்.

அரசுக்கு அப்போதும் ஒரு வழி மிச்சமிருந்தது: நீதி. இங்கிலாந்தின் தலைமை நீதிபதி விட்ஜரி பிரபு விசாரித்தார். பதினொரு வாரத்தில் அறிக்கை வந்தது. சிப்பாய்களைப் பெரும்பாலும் குற்றத்திலிருந்து விடுவித்தது. இறந்தவர்கள்மீது சந்தேகத்தின் நிழலை விட்டுவைத்தது. சுட்டவர் ஒரு சிப்பாய் என்றால், தவறு ஒரு சிப்பாயுடையது என்று தெரு நினைத்திருக்கலாம். தலைமை நீதிபதி கையெழுத்திட்ட பிறகு தவறு அரசுடையது ஆகிவிட்டது.

அதைத் திருத்த 38 ஆண்டுகள் ஆயின. 1998-இல் அமைக்கப்பட்ட சாவில் ஆணையம் 2010-இல் அறிக்கை தந்தது. செலவு 19 கோடி பவுண்டுக்கு மேல். இறந்தவர்களில் யாரும் மரண ஆபத்தை விளைவிக்கவில்லை என்று அது சொன்னது. பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 1972-இலேயே அதில் நூற்றில் ஒரு பங்கு செலவில் உண்மையைச் சொல்லியிருக்க முடியும்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஐ.ஆர்.ஏ. செய்ததை ஏன் சொல்லவில்லை? சொல்கிறேன். அதே 1972 ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்ட் நகரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருபது குண்டுகளை வெடித்து ஒன்பது பேரைக் கொன்றது. 1987 நவம்பரில் என்னிஸ்கில்லனில் போர் நினைவுச் சின்னத்தின்முன் அஞ்சலிக்குக் கூடியவர்களில் 11 பேரைக் கொன்றது. அந்த முப்பது ஆண்டு மரணங்களில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு ஐ.ஆர்.ஏ. போன்ற ஐரிஷ் குடியரசு ஆயுதக் குழுக்கள் செய்தவை. முப்பது விழுக்காடு அரச விசுவாசக் குழுக்கள் செய்தவை. பத்து விழுக்காடு அரசுப் படைகள் செய்தவை. கொன்றவனின் பொறுப்பில் ஒரு குன்றிமணி அளவும் நான் குறைக்கவில்லை. நான் கேட்பது வேறு: இத்தனைக்குப் பிறகும் அந்தக் கொலைகாரனுக்குக் கதவைத் திறந்துவிட்ட வீடுகள் எப்படி இருந்தன? அந்தப் பத்து விழுக்காட்டில்தான் அதற்கு விடை இருக்கிறது.

5. ‘தற்காலிக’ச் சட்டங்கள்

1974 நவம்பர் 21. பர்மிங்காமில் இரண்டு மதுக்கடைகளில் குண்டுவெடித்து 21 பேர் இறந்தார்கள். எட்டே நாளில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழு நாள்வரை வழக்கின்றிக் காவலில் வைக்கலாம். இந்த அதிகாரங்கள் கடுமையானவை என்று ஒப்புக்கொண்டேதான் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் அதைக் கொண்டுவந்தார். தற்காலிகம் என்றார்கள். புதுப்பித்துப் புதுப்பித்து 2000 வரை வந்து, அங்கே நிரந்தரச் சட்டமாகவே மாறியது.

வட அயர்லாந்தில் அதற்கு முன்னோடி ஒன்றிருந்தது. 1922-இன் சிறப்பு அதிகாரச் சட்டம் ஓராண்டுக்கென்று வந்தது, 1933-இல் நிரந்தரமானது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் மூன்றாண்டுக்கென்று வந்து 1982-இல் நிரந்தரமானது. நம் தடா 1985-இல் இரண்டாண்டுக்கென்று வந்து பத்தாண்டு நீடித்தது. வாடகைக்கு வந்தவர் பட்டா கேட்பது சட்ட உலகிலும் நடக்கிறது.

நம்மிடம் இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. முதல் உலகப் போர்க்கால அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் நீட்டிக்க 1919-இல் வந்தது ரௌலட் சட்டம். சட்டசபையின் இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் யோசனை காந்திக்கு உதித்தது இதே சென்னையில்தான். அடுத்த மாதம் ஜாலியன்வாலா பாக். 1922-இல் சட்டத்தை அரசே திரும்பப் பெற்றது. ஒருசில புரட்சிக் குழுக்களை அடக்க எழுதிய சட்டம், அவற்றோடு ஒட்டாமல் இருந்த கோடிக்கணக்கானவர்களை அரசுக்கு எதிராகத் திருப்பியது.

அவசரச் சட்டத்தோடு அவசரக் கைதும் சேர்ந்தே வரும். பர்மிங்காம் வழக்கில் ஆறு பேருக்கு 1975-இல் ஆயுள் தண்டனை. அதே ஆண்டின் கில்ட்ஃபோர்டு குண்டுவெடிப்பு வழக்கில் நால்வர். இவர்கள் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ள முறையே 1991-உம் 1989-உம் ஆயிற்று. பதினாறு ஆண்டும் பதினைந்து ஆண்டும் அவர்கள் உள்ளே இருந்தார்கள். உண்மையில் குண்டு வைத்தவர்கள் அந்த வழக்குகளில் தண்டிக்கப்படவே இல்லை. பொதுமக்களின் பாதுகாப்பு என்ற ஒரே அளவுகோலால் அளந்தாலும் இது தோல்விதான். பதறாத காரியம் சிதறாது என்பது வீட்டுக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை.

6. சிறைக்குள் இழந்த வெற்றி

1976 மார்ச் 1-க்குப் பிறகு செய்த குற்றங்களுக்காகத் தண்டனை பெறுபவர்களுக்கு அரசியல் கைதிக்கு நிகரான தனித்தகுதி கிடையாது என்று லண்டன் அறிவித்தது. சட்டப்படி அதில் தவறில்லை, கொலை கொலைதான். கைதிகள் சிறைச் சீருடை மறுத்துப் போர்வையோடு கிடந்தார்கள். ஐந்தாண்டு கழித்து, 1981 மார்ச் 1 அன்று பாபி சாண்ட்ஸ் என்ற 26 வயதுக் கைதி உண்ணாநோன்பு தொடங்கினார். நாற்பதாவது நாள், ஏப்ரல் 9 அன்று, இடைத்தேர்தலில் 30,492 வாக்குகள் பெற்று நாடாளுமன்ற உறுப்பினரானார். மே 5 அன்று, 66-ஆவது நாள் இறந்தார். அவருக்குப் பின் ஒன்பது பேர் இறந்தார்கள். பிரதமர் மார்கரெட் தாட்சர் அசையவில்லை.

இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. 1929-இல் லாகூர் சிறையில் புரட்சியாளர் ஜதின் தாஸ் 63 நாள் உண்ணாமல் இறந்தது இதே கோரிக்கைக்காகத்தான்: எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள். அதற்கு ஒன்பதாண்டு முன்பு அயர்லாந்தின் கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வீனி 74 நாள் உண்ணாமல் லண்டன் சிறையில் இறந்திருந்தார். கையில் வெடிகுண்டு வைத்திருப்பவனை எதிர்க்க அரசுகளுக்குத் தெரியும். தன் உடம்பைத் தவிர ஆயுதமில்லாமல் படுத்திருப்பவனை என்ன செய்வதென்று லண்டனுக்கு 1920-இலும் தெரியவில்லை, 1981-இலும் தெரியவில்லை.

தாட்சர் வாதத்தில் வென்றார். தெரு கைதிகளின் பக்கம் போயிற்று. ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு விதை இருந்தது: ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் கிளையான சின் ஃபைன், வாக்குச்சீட்டுக்கும் ஒரு பலம் உண்டு என்று அந்த 30,492-இல் கண்டுகொண்டது. 1983-இல் அதன் தலைவர்களில் ஒருவரான ஜெரி ஆடம்ஸ் மேற்கு பெல்ஃபாஸ்டில் வென்றார்.

7. துப்பாக்கியிலிருந்து தெரு பிரிந்த விதம்

பிறகு எப்படி முடிந்தது? ஒரே சாவியால் இல்லை.

முதலாவது, குறை களையப்பட்டது. வீடு ஒதுக்கும் வேலை 1971-இல் நகராட்சிகளிடமிருந்து பொது வாரியத்துக்குப் போனது. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1976-இல் வந்தது, 1989-இல் அதற்குப் பல் முளைத்தது. இவை மட்டும் போரை நிறுத்தவில்லை. ஆனால் போருக்கான நியாயத்தை ஆண்டுக்காண்டு மெலிய வைத்தன.

இரண்டாவது, துப்பறிதல். எண்பதுகளின் இறுதிக்குள் உளவுத்துறை ஐ.ஆர்.ஏ.வுக்குள் ஆழமாக ஊடுருவியிருந்தது. வெல்ல முடியாது என்று இயக்கத்துக்கும், ஒழிக்க முடியாது என்று படைக்கும் புரிந்தது. இதற்கும் ஓர் இருண்ட பக்கம் உண்டு. 1989-இல் வழக்கறிஞர் பேட் ஃபினுகேனை அரச விசுவாசக் கொலையாளிகள் அவர் வீட்டிலேயே கொன்றதில் அரசு அமைப்புகளின் கூட்டு அதிர்ச்சி தரும் அளவுக்கு இருந்ததாக 2012-இல் பிரதமரே ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, பேச்சு. டெரி நகரில் மீனும் சிப்ஸும் விற்கும் கடைகளை நடத்திய பிரெண்டன் டடி என்ற வணிகர், எழுபதுகள் முதல் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கும் ஐ.ஆர்.ஏ.வுக்கும் இடையே இரகசியப் பாலமாக இருந்தார். 1993 நவம்பரில் பிரதமர் ஜான் மேஜர், ஆடம்ஸோடு பேசுவதை நினைத்தாலே குமட்டுகிறது என்ற பொருள்பட நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே மாதம் இரகசியத் தொடர்பு பத்திரிகையில் வெளிவந்தது. மேடையில் அவர் பேசியதைவிட மறைவில் அவர் அரசு செய்ததுதான் அறிவுடையது என்பது என் கருத்து. 1994-இல் போர்நிறுத்தம், 1996-இல் அது முறிவு, 1997-இல் மீண்டும். 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்று உடன்படிக்கை. வடக்கில் 71 விழுக்காட்டினரும் தெற்கில் 94 விழுக்காட்டினரும் வாக்களித்து ஏற்றார்கள்.

நான்காவது, காவல்துறை மாறியது. ஒரு சமூகத்தின் படையாக இருந்த அதில் கத்தோலிக்கர் எட்டு விழுக்காடு அளவே. 2001-இல் பெயரும் சின்னமும் மாறின. பத்தாண்டுக்குப் புதியவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர் என்று விதி வந்தது. முடிவில் அவர்கள் முப்பது விழுக்காட்டை எட்டினார்கள்.

இது ஒரு தீவின் தனிக்கதையா? ராண்ட் நிறுவனத்தின் 2008 ஆய்வு, 1968 முதல் 2006 வரையிலான 648 குழுக்களை எடுத்துக்கொண்டது. முடிவுக்கு வந்த குழுக்களில் 43 விழுக்காடு அரசியலுக்குத் திரும்பியவை, 40 விழுக்காடு காவல், உளவு நடவடிக்கையால் முடிந்தவை. படைபலத்தால் மட்டும் முடிந்தவை 7 விழுக்காடு.

இத்தாலியில் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்திக் கொன்ற செம்படையணிகள் என்ற ஆயுதக் குழுக்கள் 1979 ஜனவரியில் ஜெனோவாவில் கீடோ ரோசா என்ற தொழிற்சங்கத் தோழரைச் சுட்டுக் கொன்றன. யாருக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ அந்தத் தொழிலாளர்களே அதன்பின் அவர்களைக் கைவிட்டார்கள். எதிர்த்திசைக்கு ஈராக். 2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகம் ஈராக் படையை ஒரே ஆணையில் கலைத்தது. ஆயுதம் பிடித்த லட்சக்கணக்கானோர் வருமானமும் மரியாதையும் இழந்து வீதிக்கு வந்தார்கள். 2004-இல் அங்கே அமெரிக்கர் நடத்திய புக்கா சிறைமுகாமில் அடைக்கப்பட்டிருந்தவர்களில் ஒருவர், பத்தாண்டு கழித்துத் தன்னைக் கலீஃபாவாக அறிவித்துக்கொண்ட அல் பாக்தாதி. 1971-இன் பாடம் எழுதிக் கிடந்தது, படிக்க ஆளில்லை.

8. இரண்டு மறுப்புகள்

‘எல்லாக் குழுவோடும் பேச முடியுமா?’ என்று கேட்பீர்கள். முடியாது. பேச வேண்டும் என்பது என் கருத்தும் இல்லை. 2011-இல் நார்வேயில் தனியொருவன் 77 பேரைக் கொன்றான். அவனோடு பேச எதுவுமில்லை. அவனுக்குத் தெருவும் இல்லை. அந்த நாடு புதிய சிறப்பு நீதிமன்றம் கேட்கவில்லை. வழக்கமான நீதிமன்றம், வழக்கமான சட்டம், 21 ஆண்டுத் தண்டனை. அவனுக்கு வேண்டிய மூன்றாவது பொருளை அது கொடுக்கவில்லை.

‘பேசியதால் கொலைகாரர்கள் தப்பவில்லையா?’ இது கடினமான கேள்வி. உடன்படிக்கைப்படி 400-க்கும் மேற்பட்ட கைதிகள் இரண்டே ஆண்டில் வெளியே வந்தார்கள். கணவனைக் கொன்றவன் கடைத்தெருவில் எதிரே வருவதைப் பார்த்த பெண்கள் அந்தச் சிறிய ஊர்களில் இருந்தார்கள். அவர்களிடம் சமாதானம் நல்லது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்த விலையைக் கொடுத்தது அரசு இல்லை, அவர்கள்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நிறைவாக

1998 ஆகஸ்டு 15. உடன்படிக்கை கையெழுத்தாகி நான்கு மாதம். அதை ஏற்காத ஒரு பிளவுக் குழு ஓமா என்ற ஊரில் கார் குண்டு வெடித்து 29 பேரைக் கொன்றது. வயிற்றில் இரட்டைக் குழந்தைகளோடு இருந்த பெண்ணும் அவர்களில் ஒருவர். முப்பது ஆண்டில் வட அயர்லாந்து கண்ட ஒற்றைத் தாக்குதல்களில் மிகக் கொடியது. சட்டங்கள் கடுமையாயின. ஆனால் விடியற்காலைப் பட்டியல்கள் வரவில்லை. ஒரு சமூகத்தின் கதவுகள் தட்டப்படவில்லை. மூன்றே வாரத்தில் அந்தக் குழு போர்நிறுத்தம் அறிவித்தது. ஒதுங்க அதற்கு ஒரு தெரு இல்லை.

பதினொரு ஆண்டு கழித்து, 2009 மார்ச்சில், மிச்சமிருந்த குழுக்கள் இரண்டு சிப்பாய்களையும் ஒரு காவலரையும் கொன்றன. அந்தக் காவலர் கத்தோலிக்கர். காவல்துறைத் தலைவரின் பக்கத்தில் வந்து நின்று, கொன்றவர்கள் அயர்லாந்துக்குத் துரோகிகள் என்று சொன்னவர் துணை முதல்வர் மார்டின் மக்கின்னஸ். 1972-இல் டெரியில் ஐ.ஆர்.ஏ.வின் தளபதிகளில் ஒருவராக இருந்தவர்.

ஒரு கணக்கோடு முடிக்கிறேன். 1998-இல் எழுதிய உடன்படிக்கையின் எலும்புக்கூடு, அதாவது இரு சமூகமும் அதிகாரத்தைப் பகிர்வதும் டப்ளினுக்கு ஓர் இடம் தருவதும், 1973 டிசம்பரில் சன்னிங்டேல் என்ற இடத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அடுத்த மே மாதம் அரச விசுவாசிகள் பதினான்கு நாள் வேலைநிறுத்தம் செய்து அதைக் கவிழ்த்தார்கள்; ஐ.ஆர்.ஏ.வும் அதை விரும்பவில்லை. சிறைவைப்பு அப்போதும் தொடர்ந்துகொண்டிருந்தது. 1998-இன் உடன்படிக்கை மெதுவாகக் கற்கும் மாணவர்களுக்கான சன்னிங்டேல் என்று அந்நாட்டு அரசியலர் சீமஸ் மாலன் கேலியாகச் சொன்னதுண்டு. அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே இறந்தவர்கள் 2,000-க்கும் மேல்.

அழைப்பிதழின் தலைப்பைத் திருத்த இனி வழியில்லை. நூலாக வரும்போது அந்த ‘உம்’மை எடுத்துவிடுமாறு பதிப்பாளரைக் கேட்டிருக்கிறேன்.